அப்பாவை எந்த நேரத்தில் வரைவது? புலம்பெயர்ந்த ஆண்கள், சாமி, ஓவியம்

செம்பவாங் தூரிகை
வெள்ளி, இரவு 10.40

வணக்கம். இரண்டு வருடமாக ஒரே ஆளைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். என் அப்பா. ஒன்பது படம் ஆகிவிட்டது. நேற்று ஒன்பதையும் கூடத்தில் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்து பார்த்தேன். நான்கில் அப்பா வேலை செய்கிறார். ஐந்தில் காவடி எடுக்கிறார். எதிலும் எனக்குத் தெரிந்த மனிதர் இல்லை.

அப்பா 1983ல் அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிங்கப்பூர் வந்தார். கப்பல் பட்டறையில் பெயிண்டர். தண்ணீர் வடித்த டாக்கில் நிற்கும் கப்பலின் அடிவயிற்றை பிளாஸ்டிங் அடித்துச் சுரண்டி, பிரைமர் பூசி, பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க அந்தச் சிவப்புப் பூச்சை அடிப்பது அவர் வேலை. இருபத்தெட்டு வருடம் அடித்தார். அம்மா இங்கே பிறந்தவர். நான் பிறந்தது 1991ல்.

எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் கவிச்சி கிடையாது. பங்குனி உத்திரத்துக்கு முன்பே வீட்டின் வாசனை மாறிவிடும். கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள் வளர்த்தெடுத்த புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில் 1996ல் ஈசூனுக்கு இடம் மாறியது. அப்பா தோளில் உட்கார்ந்து புதுக் கோயிலைப் பார்த்தது நினைவிருக்கிறது. நான் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் அப்பா ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "ஆம்பளப் பிள்ளை அழக்கூடாது, முருகன் பாத்துக்கிட்டே இருக்கான்."

பதினெட்டு முடிந்து, கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்குப் போனேன். பயிற்சித் தீவான புலாவ் தெக்கோங்கில் என் தலையை மெஷின் வைத்து மழித்தபோது, ஏழு வயதில் பழனியில் மொட்டை அடித்த கத்தியின் சில்லிப்பு அப்படியே திரும்பி வந்தது. முதல் விடுமுறையில் வீட்டுக்கு வந்தேன். அப்பா என் தலையைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பூசையறைக்குப் போய் சந்தனம் எடுத்து வந்து உச்சியில் பூசிவிட்டார். ராணுவத்து மொட்டைக்கு எதற்குச் சந்தனம் என்று அம்மா கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை.

அந்தச் சந்தனத்தைத்தான் நான் வரைய வேண்டும் என்று நினைக்கிறேன். தூரிகையை எடுத்தால் ஹெல்மெட் வருகிறது, இல்லை அலகு வருகிறது. நம் ஆண்களை வரைந்த மற்றவர்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்திருக்கிறதா?

பிராஸ் பசா வாசகன்
வெள்ளி, இரவு 11.25

இருந்திருக்கிறது. இந்த ஊரில் நம் ஆட்கள் படத்துக்குள் வந்த நாளிலிருந்தே இருந்திருக்கிறது.

தேசியக் கலைக்கூடத்தில் ஹைன்ரிச் லாய்டமன் என்ற ஜெர்மானியர் செய்த ஒரு மரச்செதுக்கு அச்சுப்படம் உண்டு. 1835ல் காட்டுக்குள் சாலை அளந்துகொண்டிருந்த ஜார்ஜ் கோல்மன் மீது புலி பாய்ந்த கதை. கோல்மனுக்காக வேலை செய்தவர்கள் இந்தியாவிலிருந்து கடல் கடத்தப்பட்ட கைதிகள். 1825ல் சுமத்ராவின் பெங்கூலனிலிருந்து முதல் கூட்டம் வந்து இறங்கியது. 1873 வரை அந்த ஏற்பாடு நீடித்தது. படத்தில் புலிக்கு உடம்பு இருக்கிறது, கோல்மனுக்குப் பெயர் இருக்கிறது. அந்த ஆட்கள் சிதறி ஓடும் கையும் காலுமாக இருக்கிறார்கள். அந்த ஜெர்மானியருக்கு அவர்களைத் தெரியாது. அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

அதே ஆட்கள்தான் 1856க்கும் 1861க்கும் நடுவே செயின்ட் ஆன்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். உள்சுவருக்குச் சென்னைச் சுண்ணம்: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். காய்ந்த பிறகு கல்லை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினார்கள். நான் அங்கே போகும்போதெல்லாம் ஒரு தூணில் கை வைத்துப் பார்ப்பேன். இந்து, முஸ்லிம் கைகள் பூசிய கிறிஸ்துவச் சுவர். வேலை முடிந்து அவர்கள் ராத்திரி என்ன பேசிக்கொண்டார்கள் என்று காட்டும் ஒரு படம்கூட நம்மிடம் இல்லை.

உங்கள் சிக்கலுக்கு நான் பார்த்த ஒரு வழி சிங்கப்பூர் ஓவியர் சுவா மியா டீயினுடையது. 1959ல் 'தேசிய மொழி வகுப்பு' ஓவியத்தை வரைந்தவர் என்றால் எல்லாருக்கும் தெரியும். அவரே 1974ல் தொழிலாளர்கள் உணவகத்தில் சாப்பிடுவதை வரைந்திருக்கிறார். அங்கே யாரும் எதையும் தூக்கவில்லை, இழுக்கவில்லை. சாப்பிடுகிறார்கள். பரோடாவில் பூபேன் கக்கர் கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே 1972ல் கடிகாரம் பழுதுபார்ப்பவரை, தையற்காரரை வரைந்தார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஒரு ஆண் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று அந்தப் படங்களில் தெரியும்.

உங்கள் அப்பா வேலையிலும் இல்லாமல் காவடியிலும் இல்லாமல் இருந்த நேரம் எது? அங்கிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

சிவகங்கைச் சீமை
சனி, காலை 6.10

அண்ணே, நான் படம் பத்தித் தெரிஞ்சவன் இல்ல. துவாஸ் பக்கம் தங்குவிடுதியில இருக்கேன், பதினொரு வருசம் ஆச்சு. ஆனா நீங்க கேக்குறது எனக்கு நல்லாப் புரியுது. எங்களைப் படம் எடுக்க மூணு தடவ ஆள் வந்திருக்காங்க. மூணு தடவையும் ஹெல்மெட்டோட நில்லுங்கன்னாங்க. லாரியில ஏறிக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு வெளிய பாருங்கன்னாங்க. ஒருத்தரும் ஞாயித்துக்கிழமை வரல.

ஞாயித்துக்கிழமை வந்தா நாங்க யாருன்னு தெரியும். ரூமுக்குப் பன்னிரண்டு பேர், இஸ்திரிப் பெட்டி ஒண்ணு. காலைல எட்டு மணிக்கே வரிசை. கட்டில் மேல போர்வைய நாலா மடிச்சுப் போட்டு சட்டைய விரிச்சு, காலரை முதல்ல, அப்புறம் கை, கடைசியில முதுகு. எங்க அய்யா கோயில் திருவிழாவுக்குப் போறப்ப இப்படித்தான் தேய்ப்பாரு, செம்புல கரி போட்டு. தலைக்கு எண்ணெய், நெத்தியில துண்ணூறு. தேக்கா (லிட்டில் இந்தியா) போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் வேர்வையில கரைஞ்சிரும், அது வேற விசயம்.

இன்னொண்ணு சொல்றேன். என் கட்டில் மேல் அடுக்கு. சுவத்துல ஒரு முருகன் காலண்டர் ஒட்டி வச்சிருக்கேன். வீட்டுக்கு வீடியோ கால் பேசுறப்ப போனை எங்க வச்சா காலண்டரும் என் சட்டையும் மட்டும் தெரியும்னு எனக்கு அளவு தெரியும். கால் இஞ்சு நகந்தா கீழ தொங்குற சேஃப்டி பூட்ஸும் ஈரத் துண்டும் தெரிஞ்சுரும். அந்த ஒன்றரை அடிதான் எம் மக பாக்குற சிங்கப்பூர். 2020ல ரூமை விட்டு வெளிய விடாத மாசங்கள்லயும் அந்த ஒன்றரை அடிய நான் அசைய விடல. அப்பா நல்லா இருக்கேன்னு சொல்லுவேன். காலண்டரப் பாத்துட்டு "சாமி இருக்குப்பா"ன்னு சொல்லும்.

பாவம்னு நினைச்சு எங்களை வரையாதீங்கண்ணே. அந்த ஒன்றரை அடிய வரைஞ்சா நான் நின்னு பாப்பேன்.

செம்பவாங் தூரிகை
சனி, காலை 8.02

தம்பி, இதை மூன்று முறை படித்துவிட்டேன். கால் இஞ்சு என்று நீங்கள் சொன்னது ஓவியம் கற்றுக்கொடுப்பவர்கள் பல மாதம் எடுத்துச் சொல்லித்தருவது. எதை உள்ளே வைப்பது, எதை வெளியே தள்ளுவது. உங்களுக்கு விருப்பம் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உட்கார, நான் வரையலாமா?

மார்சிலிங் மகள்
சனி, பகல் 1.15

எல்லாம் உருக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"முருகன் பாத்துக்கிட்டே இருக்கான்" என்ற வாக்கியத்தை எழுதிவிட்டு நீங்கள் சந்தனத்துக்குப் போய்விட்டீர்கள். அந்த வாக்கியத்திலேயே கொஞ்சம் நில்லுங்கள். அழுகிற பிள்ளையை மிரட்ட சாமியைக் கூப்பிட்ட வாக்கியம் அது. எங்கள் வீட்டிலும் அது இருந்தது.

என் அப்பாவும் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவர், பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை, பதினாறு வருடம். 48 நாள் விரதம். அந்த 48 நாளும் குரல் உயராது. தரையில் பாய் விரித்துப் படுப்பார். அம்மாவை "வாங்க, போங்க" என்பார். தங்கைக்குத் தலை பின்னிவிட்டது அந்த நாட்களில்தான். காவடி இறக்கி, விரதம் முடித்து, வேல் குத்திய இடங்களில் திருநீறு காய்வதற்குள் பழைய ஆள் வந்துவிடுவார். கதவு அறையும் சத்தத்தில் எங்களுக்குத் தெரிந்துவிடும். நானும் தங்கையும் ஒவ்வொரு வருடமும் சாமியிடம் ஒரே வேண்டுதல்தான் வைத்தோம்: விரதம் முடியவே கூடாது.

எங்களுக்குப் பிடித்த அப்பா வருடத்துக்கு 48 நாள்தான் வீட்டில் இருந்தார். அவரால் அப்படி இருக்க முடியும் என்று தெரிந்துகொண்டுதான் மற்ற நாட்களைக் கடந்தோம். அது இன்னும் கொடுமை.

ஆண்மை, பக்தி, புலம்பெயர்வு என்று ஓவியங்கள் வருகின்றன. தாடி வைத்த ஒரு முகம், கண்ணில் ஈரம், பின்னால் மயில் பீலி. அந்த ஆணுக்குப் பயந்து அடுப்படியில் நின்றவர்கள் அந்தப் படத்தில் எங்கே? உங்கள் ஒன்பது படத்தில் உங்கள் அம்மா எத்தனையில் இருக்கிறார்? 49ஆம் நாளை வரைய முடியுமா உங்களால்?

ஜாலான் காயு
சனி, பகல் 1.50

அக்கா, ஊரை விட்டு வந்து, மேஸ்திரியிடம் பேச்சு வாங்கி, அந்தக் கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாதவர்கள் அவர்கள். அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் இல்லையா?

மார்சிலிங் மகள்
சனி, பகல் 2.04

சேர்த்துத்தான் பார்க்கிறேன், தம்பி. நாற்பது வருடமாகச் சேர்த்துத்தான் பார்க்கிறேன். அம்மாவும் ஊரை விட்டு வந்தவர்தான். அவர் எங்கேயும் கொட்டவில்லை.

செம்பவாங் தூரிகை
சனி, இரவு 11.48

அக்கா, பகல் முழுக்க உங்களுக்குப் பதில் எழுதி எழுதி அழித்தேன்.

அம்மா ஒரு படத்தில் இருக்கிறார். காவடியின் பின்னால், பால்குடத்தோடு, முகம் பாதி மறைந்து. இவ்வளவுதான்.

எங்கள் பூசையறை என்பது வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சாமான் அறைதான். கதவுக்கு உள்பக்கம் ஒரு ஆணி. அதில் அப்பாவின் பெல்ட் தொங்கும். வேலைக்குப் போட்டுப்போகிற பெல்ட் இல்லை, அதற்கென்று ஒன்று. கதவைத் திறந்தால் சாமி படம், மூடினால் பெல்ட். கதவு மூடும்போதுதான் எங்களுக்கு அடி. சாமி பார்க்கக் கூடாது என்று மூடுகிறாரா, நாங்கள் சாமியைப் பார்க்கக் கூடாது என்று மூடுகிறாரா என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன்.

இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. வரைந்ததும் இல்லை. அவருக்கு இப்போது எழுபது வயது ஆகப்போகிறது. சர்க்கரை. காலையில் என் மகளுக்குத் தோசையைப் பிய்த்து ஊட்டுகிறார். அவரைப் பற்றி இதை வரைவது நன்றிகெட்ட வேலை என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. வரையாமல் விட்டால் மற்ற ஒன்பதும் பொய் என்று இன்னொரு பக்கம்.

ஓபிர் ரோட்டுக்காரன்
ஞாயிறு, காலை 10.30

பூசை முடிந்து இப்போதுதான் வந்தேன் (நாங்களும் 'பூசை' என்றுதான் சொல்வோம், லூர்து மாதா கோயில் தமிழ்ப் பூசை, 1888ல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த கோயில்). உங்கள் கதவை நினைத்துக்கொண்டே முழந்தாளில் இருந்தேன்.

கோவாவின் ஃபிரான்சிஸ் நியூட்டன் சூசாவை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். 1924ல் பிறந்து மூன்று மாதத்தில் தகப்பனை இழந்தவர். பெரியம்மை வந்து பிழைத்தபோது, பையனைக் குருவாக்குகிறேன் என்று தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். ஃபிரான்சிஸ் என்ற பெயர் அந்த நேர்த்திக்கடனில் வந்தது. குருவாகவில்லை. பம்பாயில் கத்தோலிக்கப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார், ஓவியப் பள்ளியிலிருந்தும் விலக்கப்பட்டார், 1947ல் நண்பர்களோடு முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கினார், 1949ல் லண்டனுக்குக் கப்பல் ஏறினார், 1967ல் நியூயார்க். புலம்பெயர்வு, ஆண்மை, வேத வளர்ப்பு மூன்றும் ஒரே ஆளின் தோளில்.

1959ல் அவர் வரைந்த சிலுவைப்பாடு லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுத் திரு இருதயப் படத்தில் இயேசுவுக்கு ரோஜா நிறக் கன்னம், அடியில் சிவப்பு பல்பு. சூசாவின் இயேசு முள்ளால் செய்த ஆள். உடம்பே முள். தடித்த கறுப்புக் கோடு, கோயில் கண்ணாடி ஜன்னலின் ஈயக் கம்பி மாதிரி. முதல் தடவை புத்தகத்தில் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு புரிந்தது, பெரிய வெள்ளிக்கிழமை சின்ன வயதில் எனக்குள் இருந்த பயம் அந்த நிறத்தில்தான் இருந்தது. அதைக் கன்னத்தில் ரோஜா பூசி எனக்குத் தந்திருந்தார்கள்.

சூசாவை நான் முழுதாகத் தூக்கிப் பிடிக்க மாட்டேன். மார்சிலிங் அக்கா கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்க வேண்டும். அவர் படங்களில் பெண்கள் படுகிற பாடு கொஞ்சமில்லை. சாமிமேல் இருந்த ஆத்திரத்தைப் பெண்ணின் உடம்பில் இறக்கியிருக்கிறார் என்றே நினைக்கிறேன். ஆனால் தன்னை வளர்த்த வேதத்தை இனிப்பாக்கித் தரவில்லை. அதற்காக அவரிடம் திரும்பத் திரும்பப் போகிறேன்.

நன்றிகெட்ட வேலை என்கிறீர்களே. பாவசங்கீர்த்தனத்துக்கு வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன். சொல்லிவிட்ட பிறகுதான் உறவு தொடங்கும்.

நாகூர் பேரன்
ஞாயிறு, பகல் 12.20

எங்கள் வீட்டில் உருவப் படமே மாட்ட மாட்டார்கள். சுவரில் காபா படம், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் அரபு எழுத்தணி, அவ்வளவு. தெலுக் ஆயரில் நாகூர் தர்கா இருக்கும் வரிசையில்தான் தாத்தா முதலில் தங்கியிருந்தார். வாப்பா என்னை மதரசாவுக்குக் கூட்டிப்போகும்போது கையைப் பிடிப்பார். வேறு எப்போதும் பிடித்ததில்லை.

நான் வரைய ஆரம்பித்தபோது மனித முகம் வரைய மனசு வரவில்லை. யாரும் தடுக்கவில்லை, வளர்ப்பு அப்படி. வாப்பா மௌத்தான பிறகு அவருடைய தொழுகை விரிப்பை, முசல்லாவை வரைந்தேன். முப்பது வருடம் ஒரே விரிப்பு. நெற்றி படுகிற இடத்தில் பூ வேலைப்பாடு தேய்ந்து நூல் தெரியும். முட்டி படுகிற இரண்டு இடம். இடதுபக்கம் மட்டும் கொஞ்சம் அதிகம் தேய்ந்திருக்கும், அந்த முட்டி அவருக்கு வலி. அந்த ஐந்து தேய்மானத்தில் (இரண்டு உள்ளங்கையும் சேர்த்து) வாப்பாவின் உயரம், எடை, வலி எல்லாம் இருந்தது. உம்மா பார்த்துவிட்டு "மடிச்சு வைக்காம விட்டுட்டாங்களே" என்று கை நீட்டினார்.

ஆளை வரைய முடியாவிட்டால் ஆள் தேய்த்த இடத்தை வரையுங்கள். ஆணியைக்கூட.

மயிலாடுதுறை வர்ணம்
ஞாயிறு, மாலை 5.45

தம்பி, நான் கோயில் வர்ணம் பூசுகிறவன். திருப்பணிக்காக இங்கே மூன்று தடவை வந்திருக்கிறேன். சௌத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு 12.2.2023ல் குடமுழுக்கு ஆனதே, அந்த மாதிரி வேலைகளுக்கு எங்கள் பக்கத்திலிருந்துதான் ஆட்கள் வருவார்கள். சாமிக்கு நிறம் கொடுக்க வருகிறவனும் வேலை பெர்மிட்டில்தான் வருகிறான். ராத்திரி தங்குகிற இடத்தில் எங்களுக்கும் ஒரு சின்ன அடுப்பு, ஒரு போன்.

அந்த மாரியம்மன் கோபுரத்தில் தெய்வங்களுக்கு நடுவே காக்கி உடுப்புச் சிப்பாய்கள் நிற்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? வெள்ளைக்காரன் காலத்து நினைவு. கடல் கடந்து பிழைக்க வந்த ஆண், உடுப்புப் போட்ட ஆண், சாமிக்குக் காவல் நிற்கிற ஆண். அந்தச் சிப்பாய் முகத்தைப் பார்த்தால் சாமி முகத்துச் சிரிப்பும் இருக்காது, துவாரபாலகருடைய கோரப்பல்லும் இருக்காது. வேலைக்கு வந்த ஆள் முகம். நீங்கள் ராணுவ உடுப்புப் போட்டவர் என்று படித்தவுடன் அதுதான் நினைவுக்கு வந்தது.

தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்கிறேன். சுதையில் கண்ணைக் கடைசியில்தான் திறப்போம். உடம்பு, நகை, ஆடை, உதடு எல்லாம் முடிந்து, நல்ல நேரம் பார்த்து, கடைசியாகக் கருவிழி. அதுவரை அது மண்ணும் வர்ணமும். கண் திறந்தால் அது நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடும். என் ஆசான் சொல்வார், பார்வையைத் தாங்குகிற மனசு வந்த அன்றைக்குத் திறந்தால் போதும், அவசரமில்லை என்று. அப்பா கண்ணை இப்போதே வரைந்துவிட்டீர்களா? வரைந்திருந்தால் அதுதான் கோளாறு.

பிராஸ் பசா வாசகன்
ஞாயிறு, இரவு 9.10

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜேக்கப் லாரன்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின ஓவியர், தென் மாநிலங்களிலிருந்து வடக்கே பிழைக்கப் போன கறுப்பின மக்களின் பெயர்வை 1940, 41ல் 60 சிறிய பலகைகளில் வரைந்தார். அவருடைய பெற்றோரும் அப்படிப் போனவர்களே. அப்போது அவருக்கு 23 வயது. 60 பலகையையும் ஒன்றாகப் பரப்பி வைத்து, ஒரு நிறத்தை எடுத்தால் எல்லாப் பலகையிலும் அந்த நிறத்தைப் பூசிவிட்டு, அதன் பிறகு அடுத்த நிறத்துக்குப் போனார். அதனால் முதல் பலகையின் மஞ்சள்தான் கடைசியிலும் இருக்கும். முகங்கள் பெரும்பாலும் வெறும் வடிவங்கள். முதுகு வளைவில், மூட்டையின் எடையில் ஆளைக் காட்டிவிடுவார்.

நீங்கள் ஒரு பெரிய கேன்வாஸில் எல்லாவற்றையும் சொல்லப் பார்க்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். அப்பாவின் சிவப்பு உங்களிடம் இருக்கிறது. அதைக் குழைத்து, சின்னச் சின்னப் பலகைகளில், முதலில் அந்த ஒரு நிறத்தை மட்டும் வைத்துப் பாருங்களேன். கப்பல், மொட்டைத் தலைக்குப் பின்னால் கதவு, ஆணி. சந்தனம் கடைசியில் வரட்டும். பலகை பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் அளவுக்கு வெட்டித் தருவார்கள். எண்ணெய் வண்ணம் வேண்டாம், இந்த ஊர் ஈரத்தில் காய மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

செம்பவாங் தூரிகை
அடுத்த மாதம், திங்கள், இரவு 10.15

மன்னிக்கவும், ஐந்து வாரம் இந்தப் பக்கம் வரவில்லை. வரைந்துகொண்டிருந்தேன்.

பன்னிரண்டு பலகை, ஒவ்வொன்றும் ஒரு அடிக்கு ஒரு அடி. முதலில் சிவப்பு. அப்பா டாக்கிலிருந்து வரும்போது நகக்கண்ணில் ஒட்டியிருந்த சிவப்பை நினைவிலிருந்து குழைத்தேன். பன்னிரண்டிலும் பூசிக் கூடத்தில் காயவைத்தேன். அப்பா தண்ணீர் குடிக்க வந்தவர் நின்றுவிட்டார்.

"இது என்ன கலரு?"

"உங்க கலர்தாம்பா. கப்பல் அடியில அடிப்பீங்கல்ல."

குனிந்து ஒரு பலகையின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார். பூச்சின் கனம் பார்க்கிற பழக்கம், ஈரமாக இருக்கும்போது சீப்பு மாதிரி ஒரு தகடு வைத்துப் பார்ப்பார்களாம், அது இல்லாவிட்டால் நகம். "இது செங்கல்லுடா. அதுல தாமிரம் போட்டிருக்கும். தாமிரம்தான் சிப்பிய ஒட்ட விடாது. இம்புட்டு வெளிச்சமா இருக்காது, உள்ளுக்குள்ள கறுப்பு ஓடும்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் நீலம் விடச் சொன்னார். கொஞ்சம் பழுப்பு. நான்கு தடவை குழைத்தேன், நான்கு தடவையும் தலையை ஆட்டினார். ஐந்தாவதுக்கு ஒன்றும் சொல்லவில்லை, என் கையிலிருந்து தூரிகையை வாங்கி ஒரு பலகையில் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு இழுத்தார். ஓரம் கோணவே இல்லை. இருபத்தெட்டு வருடத்துக் கை. அந்தப் பலகையில் வேறு எதுவும் வரையப்போவதில்லை.

ஏழாவது பலகை கதவு. அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வரைந்தேன். கதவு, ஆணி, அதில் பெல்ட். கதவிடுக்கில் அடுப்படி வெளிச்சம், அங்கே அம்மாவின் முழங்கையும் கையில் பிடித்த கரண்டியும். அம்மா அந்த நேரத்தில் கரண்டியைப் பாத்திரத்தில் வைக்க மாட்டார், பிடித்தபடியே நிற்பார். அது எனக்கு நினைவிருந்ததே வரையும்போதுதான் தெரிந்தது. அக்கா, நீங்கள் கேட்காவிட்டால் அந்த முழங்கை வந்திருக்காது.

பலகையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். போன வியாழன் வேலை முடிந்து வந்தால் அது நேராகத் திரும்பியிருந்தது. அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றாமலே நின்றேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்:

"ஆணி இன்னும் கொஞ்சம் மேல இருந்துச்சு. உங்க கை எட்டாத உயரத்துல அடிச்சேன்."

எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் வழக்கம்போல என் மகளுக்குத் தோசை ஊட்டினார். நான் ஆணியை இரண்டு அங்குலம் மேலே ஏற்றினேன்.

ஐயா, பன்னிரண்டாவது பலகையில் அப்பா முகம் இருக்கிறது. சந்தனக் கிண்ணத்தோடு. கண் இன்னும் திறக்கவில்லை.

மார்சிலிங் மகள்
திங்கள், இரவு 11.30

என் அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டு ஆணி எந்த உயரத்தில் இருந்தது என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. அம்மாவின் முழங்கையை நான் வந்து பார்க்க வேண்டும். எங்கே, எப்போது வைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். தங்கையையும் கூட்டி வருகிறேன்.

செம்பவாங் தூரிகை
செவ்வாய், காலை 7.05

இடம் இன்னும் முடிவாகவில்லை, அக்கா. ஒரு சமூக மன்றத்தில் கேட்டிருக்கிறேன். அதற்கு முன்பே பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள், அம்மா இருப்பார்.

சிவகங்கைத் தம்பி, உங்களுக்காக ஒரு பலகை காலியாக இருக்கிறது. சிவப்பு பூசவில்லை, அது அப்பா நிறம். ஒன்றரை அடிக்கு வெட்டி வாங்கியிருக்கிறேன்.

சிவகங்கைச் சீமை
செவ்வாய், இரவு 9.50

அண்ணே, இப்பத்தான் வேலை முடிஞ்சு வந்து பாத்தேன். இந்த ஞாயிறு ஓடி (ஓவர்டைம்) இருக்கு, அடுத்த ஞாயிறு ரெண்டு மணிக்கு மேல வர்றேன். காலண்டரை உரிச்சா கிழிஞ்சுரும், அதனால போட்டோ புடிச்சு அனுப்புறேன். சட்டை நீலக் கட்டம் போட்டது ஒண்ணு இருக்கு, மக பொறந்தநாளுக்கு எடுத்தது, அதப் போட்டுக்கவா?